தூண்டில் முள்ளும் துருவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கடற்கரையிலும் ஏரிகளிலும் தூண்டில் போடும் வாசகர்கள் பலர், பயன்படுத்தாத நாட்களில் முட்களும் மற்றக் கருவிகளும் பெட்டிக்குள் இருந்தபடியே துருப்பிடித்துப் போவதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அக்கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்துப் பதில் அளித்திருக்கிறோம்.

நாகப்பட்டினம் வாசகர்: விடுமுறை நாட்களில் கரையில் நின்று கடலில் தூண்டில் போடுகிறேன். வீடு திரும்பியதும் முட்களைத் துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, மூடியுள்ள டப்பாவில் வைத்துவிடுகிறேன். அப்படியிருந்தும் அடுத்த முறை திறக்கும்போது கூர்முனையிலும் நரம்பு (தூண்டில் இழை) கட்டும் வளையத்திலும் செம்புள்ளிகள் தெரிகின்றன. எண்ணெய் தடவிய பிறகும் துருப்பிடிப்பது ஏன்?

நீங்கள் செய்வதில் விடுபட்டிருப்பது கழுவுதல். எண்ணெய் தடவுவதற்கு முன்பே முள்ளின் மீது உப்பு தங்கியிருக்கிறது. துணியால் துடைப்பதனால் நீர் போகுமே தவிர உப்பு போவதில்லை. அந்த உப்பின் மேல் தடவிய எண்ணெய், அதை உலோகத்தோடு ஒட்டிவைத்து மூடிவிடுகிறது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்வளியும் (ஆக்சிஜன்) வேண்டும். உப்பு இவ்விரண்டின் வேலையையும் விரைவுபடுத்துவதோடு, காற்றில் உள்ள ஈரத்தைத் தானே இழுத்துக் கரைசலாக மாறும் இயல்பும் உடையது. சமையலுக்குப் பயன்படும் தூய உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தொட்டால்தான் கசியத் தொடங்கும். ஆனால் கடல்நீர் காய்ந்து படியும் உப்பில் பத்தில் ஒரு பங்களவு மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். தமிழகக் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதியில் காலை வேளைக் காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால், கழுவாத முள் கண்ணுக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும் உண்மையில் உலர்வதே இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஆகவே வீடு திரும்பிய அன்றே, இரவு எத்தனை நேரமானாலும், அன்று நனைந்த முட்களை எல்லாம் நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு, மறுபடியும் புதிய நீரில் அலச வேண்டும். முள்ளில் ஒட்டியுள்ள இறால் தசையையும் மீன் சவ்வையும் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிடுவது அவசியம், ஏனெனில் அவை உப்பையும் ஈரத்தையும் பிடித்துவைத்திருக்கும். மீனுக்குப் போடாமல் பெட்டியைத் திறந்து கையால் தொட்டுத் திருப்பி வைத்த முட்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்; வியர்வையிலும் உப்பு உண்டு.

இங்கே கடலோர ஊர்களுக்கென்று ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. உங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால், அதில் எத்தனை முறை அலசினாலும் கடைசியில் முள்ளின் மேல் உப்பே படியும். குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் சேமித்து வைத்துக் கருவிகளைக் கழுவும் வழக்கமும் பரவியிருக்கிறது. சிக்கனம் கருதிச் செய்தாலும், இந்த வேலைக்கு அது முற்றிலும் பொருந்தாது, ஏனெனில் இயந்திரம் பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அந்த நீரில்தான் இருக்கிறது. முதல் இரண்டு அலசல்களுக்குக் கிணற்று நீரைப் பயன்படுத்தினாலும் கடைசி அலசலுக்குக் குடிநீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். ஒரு குவளை போதும்.

அந்தக் கடைசிக் குவளை நீர் கொதிக்கக் கொதிக்க இருக்குமானால் இன்னும் நல்லது. வடிகட்டியில் முட்களைப் போட்டு மேலே வெந்நீர் ஊற்றினால் உலோகம் சூடேறி, எடுத்த சில நிமிடங்களிலேயே தன் சூட்டில் உலர்ந்துவிடும். வளையத்தின் உட்புறத்திலும், கூர்முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளின் இடுக்கிலும் நீர் தங்காது. நீங்கள் குறிப்பிட்டிருக்கும் செம்புள்ளிகள் அந்த இடங்களில்தான் முதலில் தோன்றும், ஏனெனில் இடுக்குகளில் ஈரம் நிற்கிறது, கூர்முனையில் மேற்பூச்சு மிக மெல்லியதாக இருக்கிறது. நரம்பு கட்டியே வைத்திருக்கும் முட்களுக்கு மட்டும் கொதிநீர் வேண்டாம். நரம்பின் வலிமை கெடும். அவற்றை மின்விசிறியின் கீழ் ஓர் இரவு உலரவிடலாம். எண்ணெய் அதற்குப் பிறகுதான்.

தூத்துக்குடி வாசகர்: எந்த எண்ணெய் நல்லது? வீட்டில் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், தையல் இயந்திர எண்ணெய் ஆகியன உள்ளன. படகில் மாற்றிய பழைய என்ஜின் ஆயிலைத் தடவினால் போதும் என்கிறார் நண்பர்.

மூன்றில் தையல் இயந்திர எண்ணெயைத் தேர்ந்தெடுங்கள். அது கனிம எண்ணெய். கெட்டுப்போகாது, பிசினாக மாறாது, மெல்லிய படலமாகப் பரவும். நல்லெண்ணெய் காற்றுப் பட்டு நாளடைவில் பிசுபிசுப்பான பூச்சாக இறுகும் தன்மை உடையது. தேங்காய் எண்ணெய் அவ்வளவு விரைவில் இறுகாது என்றாலும் மாதக்கணக்கில் வைத்திருந்தால் சிக்கு வாடை அடிக்கும். அந்த வாடை எழும்போது எண்ணெயில் அமிலங்கள் உருவாகியிருக்கின்றன, அவை உலோகத்தை அரிக்கும். அடுத்த வாரமே மீண்டும் எடுக்கப்போகிறீர்கள் என்றால் தேங்காய் எண்ணெயால் பெரிய கேடு இல்லை. மழைக்காலம் முழுவதற்கும் வைப்பதென்றால் வேண்டாம்.

பழைய என்ஜின் ஆயிலை நான் உறுதியாக மறுக்கிறேன். எரிபொருள் எரிந்ததால் உண்டான அமிலக் கழிவும் உலோகத் துகளும் நீரும் அதில் கலந்திருக்கின்றன; அது முள்ளுக்கும் நல்லதல்ல, கைத்தோலுக்கும் நல்லதல்ல, அந்த முள் இறங்கும் நீருக்கும் நல்லதல்ல.

தெளிப்பானில் வரும் டபிள்யூ.டி.-40 பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். அது 1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், உலோகத்தின் மேலுள்ள நீரை விலக்குவதற்கென்று உருவாக்கப்பட்டது. நாற்பதாவது கலவை வெற்றி பெற்றதால் பெயரில் 40 சேர்ந்தது. நீரை விலக்கும் வேலையை அது நன்றாகச் செய்யும். ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடுவதால் எஞ்சும் படலம் மிக மெல்லியது. நெடுநாள் சேமிப்புக்கு அதை மட்டும் நம்பாமல், அது உலர்ந்தபின் மேலே தையல் இயந்திர எண்ணெயோ வாஸ்லினோ தடவ வேண்டும். வாஸ்லினைப் பற்றி ஏன் யாரும் கேட்கவில்லை என்று வியந்தேன். மூன்று நான்கு மாதங்களுக்குத் தொடப்போவதில்லை என்னும் பெரிய முட்களுக்கும் குறடு, கத்தி ஆகியவற்றுக்கும் அதைவிட எளிய காப்பு இல்லை.

எவ்வளவு தடவுவது என்பதும் முக்கியம். ஒரு துணியில் சில சொட்டுகள் விட்டு, அத்துணியால் முள்ளைத் துடைத்தால் படியும் அளவே போதும். எண்ணெய் வழிய வழிய ஊற்றி வைத்தால் தூசும் மணலும் அதில் ஒட்டும். கெளிறு போன்ற மீன்களுக்கு மோப்பம் மிகக் கூர்மை. ஆகவே மீண்டும் தூண்டில் போடுமுன் முள்ளைச் சிறிது சோப்பு நீரில் கழுவிவிடுங்கள்.

சென்னை வாசகர்: காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துத் தூண்டில் பெட்டிக்குள் போட்டிருக்கிறேன். அரிசியும் போட்டுப் பார்த்தேன். இரண்டாலும் பயன் தெரியவில்லை.

இதற்குச் சிறிது கணக்குப் பார்த்தால் காரணம் விளங்கும். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில், முழு ஈரப்பதத்தோடு இருக்கும் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்கிறது. உங்கள் பெட்டியின் கொள்ளளவு ஒரு லிட்டர் என்றால், அதற்குள் அடைபட்ட காற்றில் இருக்கும் நீர் 0.03 கிராம்தான். ஒரே ஒரு சொட்டு நீரின் எடை இதைவிட அதிகம். எனவே பெட்டிக்குள் அடைபட்ட காற்றைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை. ஈரம் வருவது, கழுவி உதறிவிட்டுச் சரியாக உலர்த்தாமல் போட்ட போலி இரையிலிருந்தும், நனைந்த தக்கையிலிருந்தும், மூடி சரியாகப் பொருந்தாத பெட்டிக்குள் இரவும் பகலும் புகுந்துகொண்டே இருக்கும் வெளிக்காற்றிலிருந்தும்தான்.

சிலிக்கா ஜெல் ஈரமான சூழலில் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை ஏற்கும். 10 கிராம் ஜெல், ஒரு லிட்டர் பெட்டியின் ஈரக்காற்றை நூறு முறை உலர்த்தவல்லது. ஆனால் நனைந்த பஞ்சுப்பட்டை ஒன்று உள்ளே இருந்தால் அதன் வேலை அன்றே முடிந்துவிடும். காலணிப் பெட்டியிலிருந்து வரும் பொட்டலங்கள் பெரும்பாலும் கடையிலேயே ஈரத்தை உறிஞ்சி நிறைந்திருக்கும் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். அவற்றிலுள்ள மணிகளை வெளியே எடுத்து, அகன்ற தட்டில் பரப்பி, சூட்டடுப்பில் 120 பாகை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் உயிர்பெறும். பொட்டலத்தோடு வைக்க வேண்டாம், உறை கருகும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் மணிகளில் கோபால்ட் குளோரைடு என்னும் நச்சுப்பொருள் இருப்பதால், ஆரஞ்சு நிற மணிகளை வாங்குவதே வீட்டுக்கு ஏற்றது. அரிசி ஈரத்தை மிக மெதுவாக, மிகக் குறைவாகவே ஏற்கும், வண்டுதான் மிச்சமாகும்.

பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது ரப்பர் விளிம்பு வைத்து இறுக மூடுவதாகப் பாருங்கள். அதில் ஒரு நிபந்தனை உண்டு. ஈரப்பொருளை உள்ளே வைத்து இறுக மூடிய பெட்டி, திறந்த பெட்டியைவிடக் கேடு செய்யும். அடியில் பஞ்சு ஒட்டிய பெட்டிகளை வாங்காதீர்கள். அந்தப் பஞ்சு ஒருமுறை கடல்நீரைக் குடித்துவிட்டால் அதன் உப்பை எடுக்கவே முடியாது. அட்டைப்பெட்டியும் செய்தித்தாள் சுற்றலும் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து முள்ளோடு ஒட்டி வைத்திருக்கும். குளிரூட்டிய அறையிலோ வண்டியிலோ இருந்த பெட்டியைக் கடற்கரைக்குக் கொண்டுபோன உடனே திறந்தால், குளிர்ந்த உலோகத்தின் மேல் வெளிக்காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும். அரை மணி நேரம் மூடியபடியே வைத்திருந்து, பெட்டி வெளிவெப்பத்துக்கு வந்தபின் திறப்பது நல்லது.

கன்னியாகுமரி மாவட்ட வாசகர்: எங்கள் படகில் நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான முட்கள் கோத்த தூண்டில் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் அதைக் கூடையில் சுருட்டிக் கொட்டகையில் வைக்கிறோம். ஒவ்வொரு முள்ளையும் எடுத்து எண்ணெய் தடவ ஆளும் இல்லை, நேரமும் இல்லை. என்ன செய்யலாம்?

உங்கள் சிக்கல் மற்றவர்களுடையதைவிடக் கடினமானது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலம். அது வெயில் காலம். உங்கள் மேற்குக் கரையிலோ ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாட்களில், தூண்டில் கொட்டகையில் கிடக்கிறது. அதே 61 நாட்களுக்குள் உங்கள் முட்கள் படும் கேடு பன்மடங்கு.

ஒவ்வொரு முள்ளாகப் பார்க்க வேண்டாம். கூடையோடு ஒரு பெரிய நீலப் பீப்பாயில் இறக்கி, நல்ல தண்ணீர் ஊற்றி, ஒரு பகல் முழுவதும் ஊறவிட்டு, நீரை மாற்றி மறுநாளும் ஊறவையுங்கள். கயிறு உறிஞ்சி வைத்திருக்கும் கடல்நீர்தான் உங்கள் முட்களுக்கு முதல் பகை. முள்ளை மட்டும் கழுவிக் கயிற்றை விட்டுவிட்டால், கயிற்றிலிருந்து உப்பு கசிந்து முள்ளுக்கே திரும்ப வரும். தடை தொடங்குமுன் வெயில் அடிக்கும் நாட்களிலேயே இதை முடித்து, கொடியில் தொங்கவிட்டு நன்றாக உலர்த்திவிடுங்கள். பிறகு முட்கள் மட்டும் ஒரு பக்கமாகத் தொங்கும்படி கூடையின் விளிம்பில் வரிசையாக மாட்டி, கனிம எண்ணெயில் தோய்த்த தூரிகையால் வரிசையை ஒரே வீச்சில் தடவிக்கொண்டு போகலாம். கூடையைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்து, மேலே தார்ப்பாயால் மூடி, பக்கங்களில் காற்றோட்டம் விடுங்கள்.

தொழிற்சாலைகளில் இயந்திர உதிரிகளைச் சுற்றி வைக்கும் ஒரு வகைத் துருத்தடுப்புக் காகிதம் உண்டு. அதிலிருந்து மெல்ல எழும் ஆவி உலோகத்தின் மேல் படிந்து காக்கும். பெரிய முட்களை மொத்தமாக வாங்கி இருப்பு வைப்பவர்கள் அக்காகிதத்தைப் பெட்டிக்குள் விரித்து மூடிவைப்பது பயன் தரும். காற்றோட்டமான இடத்தில் அதற்குப் பயனில்லை.

சேலம் வாசகர்: இவ்வளவு தொல்லைக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகு முட்களையே வாங்கிவிடலாமே?

வாங்கலாம், ஆனால் அதனால் கழுவும் வேலை குறையும் என்று எண்ணாதீர்கள். அவ்வகை எஃகைக் காக்கும் மெல்லிய படலம் உயிர்வளி பட்டுக்கொண்டிருந்தால்தான் நிலைக்கும்; உப்புநீர் தேங்கிய இடுக்கில், காற்று புகாத மூடிய பெட்டியில், அதிலும் குழிக்குழியாக அரிப்பு ஏற்படும். மேலும் பெரும்பாலான தூண்டில் முட்கள் உயர்கரிம எஃகுக் கம்பியால் செய்யப்படுவதற்குக் காரணம் இருக்கிறது: அதை வெப்பமூட்டிக் கடினப்படுத்தினால் கூர்முனை நெடுநாள் மழுங்காது.

இன்னொன்றையும் நாம் கருத வேண்டும். நரம்பு அறுந்து முள்ளோடு தப்பிப்போகும் மீனின் வாயில், கரிம எஃகு முள் நாளடைவில் அரித்துப்போகும். துருப்பிடிக்காத முள் மிக நீண்ட காலம் தங்கும். அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாப் பகுதியில் பாறை மீன்களை இயற்கை இரையிட்டுப் பிடிப்போர் துருப்பிடிக்காத எஃகு முட்களைப் பயன்படுத்தக் கூடாது என்று விதியே இருக்கிறது. பெட்டிக்குள் துருப்பிடிக்காத முள்ளும் நீருக்குள் அரித்துப்போகும் முள்ளும் ஒன்றாகக் கிடைப்பதில்லை. இவற்றுள் நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன், பெட்டியைக் கவனிப்பது நம் கையில் இருக்கிறது அல்லவா?

கடலுக்கென்று வாங்கும்போது வெள்ளீயம் பூசிய முட்களைக் கேளுங்கள். 1832இல் நார்வேயில் தொடங்கப்பட்ட முஸ்டாட் உள்ளிட்ட பல நிறுவனங்கள் அவ்வகை முட்களைச் செய்கின்றன. பழுப்பு நிற வார்னிஷ் மட்டும் பூசியவை ஏரிக்கும் ஆற்றுக்கும் உரியவை. அவற்றைக் கடலில் ஒருநாள் பயன்படுத்தினாலே போதும், துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். வெவ்வேறு உலோகத்தாலான முட்களையும் பித்தளைச் சுழல் இணைப்புகளையும் ஒரே அறையில் போட்டு வைக்காதீர்கள்; உப்பீரம் இருக்கும் இடத்தில் இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டால் இரும்பு விரைந்து அரிக்கும்.

ஈரோடு வாசகர்: துருப்பிடித்த முட்களைப் புளிக்கரைசலில் ஊறவைத்து மீட்கலாமா?

மேலே படிந்த மெல்லிய செம்படலம் என்றால் எண்ணெய் தோய்த்த துணியால் தேய்த்தாலே போய்விடும். நகத்தால் தடவும்போது குழி தட்டுப்படுகிறது என்றால் அந்த முள்ளை எறிந்துவிடுங்கள். பெரிய மீன் இழுக்கும்போது அந்தக் குழியில்தான் அது முறியும்.

புளியும் எலுமிச்சையும் காடியும் துருவைக் கரைக்கும் என்பது உண்மை. பித்தளைப் பாத்திரத்துக்கு அது பொருந்தும். கடினப்படுத்திய எஃகு முள்ளுக்கு ஆபத்தானது. அமிலம் இரும்போடு வினைபுரியும்போது உண்டாகும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். வெளியே பளபளப்பாகத் தெரியும் முள், வளைக்கும்போது படக்கென்று ஒடியும். ஒரு முள் விலை என்ன, அதற்காகப் பிடித்த மீனை இழப்பதா? அமிலத்தில் ஊறவைப்பதைக் குறடு போன்ற பெரிய கருவிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்போதும் பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும். அரம் வைத்து முள்ளைக் கூர்தீட்டினால் முனையின் பூச்சு போய்விடுவதால், தீட்டிய முட்களைத் தனியே வைத்து முதலில் பயன்படுத்திவிடுங்கள்.

கழித்த முட்களை மணலில் எறிய வேண்டாம். மூடியுள்ள பழைய டப்பா ஒன்றில் சேர்த்து, நிறைந்ததும் மூடியை ஒட்டிப் பழைய இரும்புக் கடையில் கொடுக்கலாம்.

மதுரை வாசகர்: துருப்பிடித்த முள் விரலில் ஏறினால் தசைவிறைப்பு (டெட்டனஸ்) வரும் என்கிறார்களே?

தசைவிறைப்பை உண்டாக்குவது துரு அன்று. மண்ணிலும் சாணத்திலும் அழுக்கிலும் இருக்கும் கிளாஸ்டிரிடியம் டெட்டானி என்னும் நுண்ணுயிரியின் வித்துகள். பளபளக்கும் புதிய முள்ளிலும் அவை இருக்கலாம். ஆழமாகக் குத்திய காயத்தில் காற்றுப் படாததால் அவை வளர இடம் கிடைக்கிறது. ஆகவே முள் புதியதா பழையதா என்று பாராமல் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்கு கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, கடைசியாகத் தடுப்பூசி போட்டது எப்போது என்பதைச் சொல்லுங்கள். எதிர்முள் ஆழமாகப் புதைந்திருந்தால் வீட்டில் இழுத்துப் பார்க்க வேண்டாம்.

புதுச்சேரி வாசகர்: முட்களைப் பற்றியே எல்லோரும் சொல்கிறார்கள். நரம்பு சுற்றும் ரீலையும் தூண்டில் கழியான ராடையும் எப்படி வைப்பது?

ரீலின் மேல் குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சுவது பலரும் செய்யும் செயல். அது உப்பை வெளியே தள்ளாமல் உள்ளேயிருக்கும் பேரிங்குகளுக்குக் கொண்டுபோகும். மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு எளிதாக வெளியே செல்லலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் இழுவிசைத் திருகை இறுக்கிவைத்து, மெல்லிய சாரலாக நல்ல தண்ணீரை ஊற்றி, உதறி, ஈரத்துணியால் துடையுங்கள். உலர்ந்ததும் அதே திருகை முழுவதும் தளர்த்தியே சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் தகட்டு வளையங்கள் அழுந்திப் பழுதாகும். கைப்பிடி மூட்டிலும் நரம்பு உருளும் சிறு உருளையிலும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

பின்னல் நரம்பு தன் இழைகளுக்கிடையே கடல்நீரைப் பிடித்து வைத்திருக்கும்; சுருளோடு சேர்த்துக் கழற்றி நல்ல தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தாவிட்டால், அந்த உப்பு ரீலின் சுருள்தண்டைத்தான் முதலில் தாக்கும். நைலான் நரம்புக்குப் பகை வெயில்; அதை வெயிலில் காயவைக்காதீர்கள். ராடில் நரம்பு செல்லும் வளையங்களின் அடிக்கட்டில் பச்சையோ பழுப்போ கறை தெரிந்தால், பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, மிக மெல்லியதாக வாஸ்லின் தடவி, உறையில் போடாமல் சுவரில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். உறையைத் தனியே துவைத்து வெயிலில் போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே ராடை அதற்குள் நுழைக்க வேண்டும்.